டி.ஏ.பி. காட்டாமலே துவரை எப்படி விளைகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். காங்கேயத்துக்குப் பக்கம் உங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று செம்மண் மேட்டாங்காடு, மற்றது கிணற்றையொட்டிய சுண்ணாம்பு ஏறிய கருமண் தோட்டம். மண் பரிசோதனையில் இரண்டிலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ‘குறைவு’ என்று வந்துவிட்டது. ஆனால் மேட்டாங்காட்டில் மூன்று வருடமாக மூட்டை உரமே காட்டாமல் துவரை குறையில்லாமல் காய்க்கிறது. தோட்டத்தில் டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த மூட்டை உரம்) போட்டும் மக்காச்சோளம் வெளிறிப்போய் நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு காணொளியில் ஒருவர், “வேர் அமிலம் சுரந்து பாறையையே கரைத்துச் சத்தை எடுத்துக்கொள்ளும், மண்ணில் எல்லாம் இருக்கிறது, உரம் வியாபாரிக்காகத்தான்” என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மையென்றால் டி.ஏ.பி.யை நிறுத்திவிடலாமா என்பதுதான் கேள்வி.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் வம்பு இருக்கிறது. நான் மண் ஆய்வகத்தில் 27 வருடம் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு பல்லடம் பக்கம் நாலு ஏக்கரில் சொந்தப் பண்ணையம். மண் பற்றித் தைரியமாகச் சொல்வேன். செடிக்குள் எந்த மரபணு என்ன செய்கிறது என்பதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான், கையால் தொட்டதில்லை.

‘குறைவு’ என்ற சொல்லில் இருந்து தொடங்குவோம், குழப்பத்துக்குக் காரணமே அதுதான். ஒரு ஏக்கரில் மேலாக ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்கும் மண், தோராயமாக 9 லட்சம் கிலோ. ஒரு கிலோ மண்ணில் 300 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால் (அப்படியொன்றும் அதிகமான அளவில்லை), அந்த ஒரு சாணுக்குள் மட்டும் 270 கிலோ பாஸ்பரஸ் கிடக்கிறது. ஆனால் பரிசோதனையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே வந்தால் ‘குறைவு’ என்று எழுதுகிறோம். ஏக்கருக்கு அது நாலரை கிலோ. ஆய்வகத்தில் நாங்கள் ஊற்றும் கரைசலில் எவ்வளவு கரைந்து வருகிறதோ அதைத்தான் அளக்கிறோம். மீதி எங்கேயும் போய்விடவில்லை. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கொஞ்சம் மக்கிய பொருளுக்குள் சிக்கியிருக்கிறது. இந்த மட்டில் “மண்ணில் எல்லாம் இருக்கிறது” என்றவர் பொய் சொல்லவில்லை.

செடி குடிப்பது கரைந்த சத்தை மட்டும்தான். ஏழை மண்ணில் ஒரு நேரத்தில் மண்ணின் ஈரத்தில் கரைந்து நிற்கும் பாஸ்பரஸ், ஏக்கருக்குச் சில பத்து கிராமைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு வெள்ளாமைக்கோ கிலோக் கணக்கில் வேண்டும். அதனால் குடிக்கக் குடிக்க ஊறிவர வேண்டும். இங்கே இன்னொரு தடை. தழைச்சத்து நைட்ரேட்டாக இருந்தால் தண்ணீரோடு ஓடி வேரிடம் வந்துவிடும், பாஸ்பேட் (செடி குடிக்கும் வடிவத்துப் பாஸ்பரஸ்) அப்படி நகராது. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மண்ணை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் வறண்ட கிணறு மாதிரி ஆகிவிடுகிறது. பக்கத்தில் அரை விரல் தள்ளி இருப்பது கைக்கு எட்டாது. செடிக்கு அப்புறம் மூன்று வழிதான்: புது இடத்துக்கு வேரை நீட்டுவது, பூஞ்சையைக் கூட்டு சேர்த்துக்கொள்வது, ஒட்டிக்கிடப்பதை அங்கேயே கரைத்து எடுப்பது. நீங்கள் கேட்டது மூன்றாவதைப் பற்றி.

‘அமிலம் சுரக்கிறது’ என்பதை எல்லோரும் ஆசிட் ஊற்றுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்குவதை நினைத்துப் பாருங்கள். புளியின் புளிப்பு கறையைக் கரைப்பது ஒரு வேலை. கரைந்து வந்த செம்பை மறுபடி சொம்பில் படியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வது இன்னொரு வேலை. வேரும் இந்த இரண்டையும் செய்கிறது, ஆனால் தனித்தனியாக. செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு பம்பு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. புளிப்பு வருவது அதனால்தான். சிட்ரேட், மாலேட், மலோனேட் போன்றவை வேறொரு வாசல் வழியாக வெளியே வருகின்றன. இவை இரும்பையும் கால்சியத்தையும் அலுமினியத்தையும் கிடுக்கி போலப் பிடித்துக்கொள்ள, அதுவரை அவற்றோடு ஒட்டியிருந்த பாஸ்பேட் விடுபடுகிறது. பல மண்ணில் புளிப்பைவிட இந்தக் கிடுக்கிப்பிடிதான் பெரிய வேலை செய்கிறது. இதோடு பாஸ்படேஸ் என்ற நொதியையும் வேர் விடுகிறது. மக்குக்குள் சிக்கிய பாஸ்பரஸை வெட்டி எடுப்பது அதன் வேலை.

இது காகிதக் கதையில்லை என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1860-ஐ ஒட்டி ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ் என்பவர், மெருகேற்றிய சலவைக்கல் மேல் வேரைப் படரவிட்டு, வேர் போன தடமெல்லாம் கல்லில் கோடாக அரிக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். டைல்ஸ் கடையில் உடைந்த மார்பிள் துண்டு சும்மாவே கொடுப்பார்கள். அதை ஒரு தொட்டியின் அடியில் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே நாலு விரல்கடை மணல் போட்டு, பேத்தியும் நானும் கொண்டைக்கடலை விதைத்தோம். ஒன்றரை மாதம் கழித்து எடுத்துக் கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தால், மங்கலாக நரம்பு ஓடினது போலத் தடம். பேத்தி அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வேர் மூச்சுவிடும் கரிவளி தண்ணீரில் கரைந்தாலே லேசான அமிலம் ஆகிவிடும், சலவைக்கல்லை அரிக்க அதுவே போதும். ஆகவே வேர் சிட்ரேட் விட்டது என்பதற்குச் சலவைக்கல் தடம் சான்று ஆகாது.

உங்கள் துவரைக்கு வருகிறேன். ஹைதராபாத் பக்கத்தில் படான்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனத்தில், ஆயே என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி 1990-ல் வெளிவந்தது. இரும்போடு ஒட்டிய பாஸ்பரஸை எடுத்துக்கொள்வதில் மற்ற பல பயிர்களைவிடத் துவரை கெட்டி என்று அதில் காட்டினார்கள். துவரை வேர் விடும் பொருள்களில் பிசிடிக் அமிலம் என்று ஒன்று. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். செம்மண்ணில் பாஸ்பரஸ் பெரும்பாலும் இரும்போடுதான் கட்டுண்டிருக்கிறது. உங்கள் மேட்டாங்காட்டுக்கு இது அப்படியே பொருந்துகிறது. எங்கள் ஆய்வகக் கரைசலால் கழற்ற முடியாததைத் துவரை வேர் கழற்றுகிறது. ‘குறைவு’ என்ற சீட்டு பொதுவான பயிருக்கு எழுதியது, துவரையைக் கேட்டு எழுதியதல்ல.

இந்தத் துறையில் ஜப்பான்காரர்கள் பெயர் அடிக்கடி வரும். எரிமலைச் சாம்பலில் உண்டான அவர்கள் மண் பாஸ்பேட்டை விழுங்கிக்கொண்டு திருப்பித் தராத ரகம். தேவை இருக்கிறவர்கள்தானே தேடுவார்கள்.

கருமண்ணில் கதை வேறு. உடுமலை, குடிமங்கலம் பக்கம் கரிசலில் பனிக்காலத்துக் கொண்டைக்கடலையைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் காட்டுக்குள் இறங்கினால் வேட்டி நனைந்து முழங்கால் வரைக்கும் அரிக்கும். இலையை நாக்கில் வைத்தால் சுரீர் என்று புளிக்கும். அந்த நாளில் இரவு செடிமேல் வெள்ளைத் துணியை விரித்து, காலையில் பிழிந்து புளிப்பு நீர் எடுப்பார்கள். அது மாலிக், ஆக்சாலிக் அமிலங்கள், இலைமேல் உள்ள நுண்ணிய மயிர்கள் சுரப்பவை. வேரிலும் இந்தச் செடி தாராளமாகச் சிட்ரேட்டும் மலோனேட்டும் மாலேட்டும் விடுகிறது, வேரைச் சுற்றிப் புளிப்பும் ஏற்றுகிறது. கால்சியத்தோடு ஒட்டிய பாஸ்பேட்டுக்குப் புளிப்புதான் மருந்து. ஆனால் இலைப் புளிப்பு கீழே சொட்டித்தான் மண் இளகுகிறது என்று ஒரு பேச்சு உண்டு, அது கணக்குக்கு ஒத்துவராது. வேர் செய்கிற வேலை இடம் பார்த்துச் செய்வது. மேலே இருந்து சொட்டுவது மண்மேல் தெளித்த மோர் மாதிரிதான்.

மோர் என்றதும் ஞாபகம் வருகிறது. சுண்ணாம்பு மண்ணுக்கு வினிகர் விடலாமா, எலுமிச்சைக் கரைசல் விடலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 100-க்கு 10 பங்கு சுண்ணாம்பு உள்ள மண்ணில், ஏக்கருக்கு ஒரு சாண் ஆழத்தில் 90 டன் சுண்ணாம்பு. இதை முறிக்க அடர் கந்தக அமிலமே கிட்டத்தட்ட அதே 90 டன் வேண்டும். மனுஷன் செய்கிற காரியமா அது? வேர் இந்த மண்ணை மாற்றப் பார்ப்பதே இல்லை. தன் நுனியைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும், தனக்கு வேண்டிய சில மணி நேரத்துக்கு மட்டும், மண்ணை வேறாக்கிக்கொள்கிறது. தோட்டத்து மண்ணின் கார அமில நிலை 8.3 என்று சீட்டில் இருக்கும்போது, அதே மண்ணில் வேரை ஒட்டிய படலத்தில் ஒன்று இரண்டு அலகு குறைந்திருக்கலாம். படிக்கும் காலத்தில் நிறம் மாறும் கூழில் வேரைப் பரப்பிப் பார்த்திருக்கிறேன். ஊதாக் கூழில் வேர் நுனியைச் சுற்றி மட்டும் மஞ்சள் படரும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்குத்தான் எனக்கு மண் படிப்பே பிடித்தது. கடையில் விற்கும் ஹ்யூமிக் அமிலத்தின் பெயரைப் பார்த்து அது மண்ணைப் புளிக்க வைக்கும் என்று வாங்காதீர்கள். டப்பாவில் வருவது பெரும்பாலும் பொட்டாசியம் ஹ்யூமேட், அது காரத்தன்மை உள்ளது. வேறு பயன் இருக்கலாம், இந்தப் பயன் இல்லை.

இப்போது உங்கள் மக்காச்சோளம். ‘வெளிறுகிறது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்த இலை என்று சொல்லவில்லை. புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் நுனிவரை சீராகக் கோடு ஓடினால் அது இரும்புக் குறை. இலையின் அடிப்பகுதியில், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக அகலப் பட்டை வந்தால் துத்தநாகக் குறை. நம் சுண்ணாம்பு மண்ணில் மக்காச்சோளத்துக்கு இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மணிச்சத்துக் குறை வெளிறாது. இளஞ்செடி குட்டையாக நின்று, அடி இலை ஊதா ஓடும். எனவே டி.ஏ.பி. போட்டும் சரியாகவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. வியாதி வேறு, மருந்து வேறு. மண்ணில் பாஸ்பேட் ஏற ஏறத் துத்தநாகக் குறை கூடுவதும் உண்டு.

இரும்பை எடுக்கப் புல் இனங்களுக்கு என்று தனி வழி இருக்கிறது. நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம், கரும்பு எல்லாம் இந்தக் கூட்டம். இவை மண்ணைப் புளிக்கவைக்க மெனக்கெடுவதில்லை. இரும்பைக் கவ்வும் ஒரு பொருளை வெளியே அனுப்பி, அது இரும்பைக் கவ்வியதும் பொட்டலத்தோடு அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 1970-களில் ஜப்பானில் டாக்காகி என்பவர் ஓட்ஸிலும் நெல்லிலும் இதைக் கண்டார். பைட்டோசிடரோஃபோர் என்று பெயர். பார்லி இதை நாள் முழுவதும் விடுவதில்லை. சூரியன் உதித்துச் சில மணி நேரத்துக்குள் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இதைத் தின்றுவிடும் என்பதால், அவை சுதாரிப்பதற்குள் வேலையை முடித்துக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள். இதே கிடுக்கி துத்தநாகத்தையும் பிடிக்கும். ஆனால் இந்தக் கூட்டத்தில் பார்லியும் கோதுமையும் தாராளம். மக்காச்சோளமும் சோளமும் கையிறுக்கம். நெல் அதைவிட மோசம். சுண்ணாம்பு மண்ணில் மக்காச்சோளம் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

புல் இனம் அல்லாத நிலக்கடலை, துவரை, மஞ்சள், பருத்தி எல்லாம் வேறு வழியில் போகின்றன. வேரடியைப் புளிக்கவைத்து, இரும்பை வேர்த்தோல் மேலேயே கரையும் வடிவத்துக்கு மாற்றி உள்ளே விடுகின்றன. இந்த வழிக்குப் பரம எதிரி பைகார்பனேட். சுண்ணாம்பு நிலத்தில் தண்ணீர் அதிகமாகப் பாய்ந்து கட்டி நின்றால் பைகார்பனேட் கூடி, வேர் விடும் புளிப்பெல்லாம் முறிந்துபோகும். அடைமழைக்கு அப்புறம் கடலைக்காடு மஞ்சளாகி, ஒரு வாரம் வெயில் அடித்ததும் தானாகப் பச்சை திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுதான் காரணம். சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக விட்டபோது கடலையின் மஞ்சள் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். மக்காச்சோள வேர் விட்ட கிடுக்கியின் பலன் பக்கத்து வேருக்கும் போகிறது என்பது விளக்கம். நம் ஊரில் அக்கடிச் சால் (பயிருக்கு இடையிடையே வேறு பயிர் விதைக்கும் சால்) விட்டவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனால் ஒரே பயிரைக் காடு முழுவதும் விதைக்க அவர்களுக்கு மனசு வந்ததில்லை.

வால்பாறைக்குப் போனால் தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் அடியில் இலைச்சருகை விலக்கிப் பாருங்கள். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, நெருக்கமாகச் சின்னச் சின்ன வேர்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். கொத்துவேர். ஆஸ்திரேலியாவின் ஒன்றுமில்லாத மண்ணில் பிறந்து வளர்ந்த குடும்பம் அது. இந்த வகைக் கொத்துவேரை நுணுக்கமாக ஆராய்ந்தது வெள்ளை லூபின் என்ற பயறு இனத்தில். ஒரு கொத்து முதிர்ந்ததும் ஒன்றிரண்டு நாள் மட்டும் சிட்ரேட்டைக் கொட்டுகிறது, நொதியையும் விடுகிறது, நுண்ணுயிர் தின்றுவிடாமல் இருக்கத் தடுப்பும் விடுகிறது. வேலை முடிந்ததும் அந்தக் கொத்து ஓய்ந்துவிடும். நிலத்தில் பாஸ்பரஸ் தாராளமாக இருந்தால் கொத்தே உண்டாகாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இலவசமாக எந்த வேரும் சுரப்பதில்லை. இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. பசி வந்தால்தான் செடி இந்தச் செலவைச் செய்யும்.

வேர் விடுவதில் இன்னொரு ரகமும் உண்டு. கரைப்பதற்கு அல்ல, கூப்பிடுவதற்கு. மணிச்சத்துப் பஞ்சத்தில் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை நூலளவு விடுகிறது. அதை மோந்து வேர்ப்பூஞ்சை கிளைவிட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. வேர் எட்டாத இடத்துப் பாஸ்பேட்டை அதன் இழைகள் கொண்டுவந்து கொடுக்கின்றன. நாம் ‘வேம்’ என்று வாங்கிப் போடுவது இந்தப் பூஞ்சையைத்தான். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொருளை முதலில் கண்டுபிடித்தது பூஞ்சைக்காக அல்ல. 1966-ல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தபோது, சோளத்தையும் கரும்பையும் உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்கவைக்கும் பொருள் என்றுதான் தெரியும். செடி ஏன் தன் எதிரியைத் தானே எழுப்பிவிடுகிறது என்று புரியாமல் இருந்தார்கள். அது நண்பனைக் கூப்பிடும் குரல், எதிரி ஒட்டுக் கேட்கிறான் என்று தெரிய 2005 ஆயிற்று. ஏழை மேட்டாங்காட்டில் சுடுமல்லி தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சேர்த்து ஒன்று: முட்டைக்கோஸ், காலிபிளவர், கடுகு வகையறா இந்தப் பூஞ்சையோடு சேராது. அங்கே ‘வேம்’ போடுவது காசைக் கரைப்பது.

இதுவரை சொன்னதில் வேர் இந்தப் பொருள்களை விடுகிறது, அவை பாஸ்பேட்டையும் இரும்பையும் கரைக்கும், பயிருக்குப் பயிர் இது மாறும் என்பவை உறுதி. காட்டில், நிஜ மண்ணில், ஒரு பயிர் எடுத்த மொத்தச் சத்தில் எத்தனை பங்கு இந்தச் சுரப்பால் வந்தது என்பதுதான் சந்தேகத்துக்கு இடமானது. அளவுகள் பெரும்பாலும் தண்ணீரில் வளர்த்த செடியின் வேரிலிருந்து பிடித்தவை. மண்ணில் விட்ட சிட்ரேட்டை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் தின்றுவிடுகின்றன. துவரையிலேயே பிசிடிக் அமிலம் மட்டும் இவ்வளவு வேலை செய்யப் போதுமா என்று பிறகு கேள்வி எழுந்தது. நிலக்கடலைக்கு ஆயே அவர்களே வேறு காரணம் சொன்னார்: சுரப்பு போதாது, வேர்த்தோலின் செல்சுவரே இரும்பைத் தொட்டுப் பிடித்துப் பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று. துவரைக்குப் பின் போட்ட சோளம் செழிப்பதற்கும் கரைந்த பாஸ்பரஸ் ஒன்றே காரணமா? துவரை உதிர்த்த இலை, ஆழத்து வேர், சேர்த்துவைத்த தழைச்சத்து எல்லாம் கலந்துதான் வருகிறது. மணிச்சத்தைக் கரைக்கப் போடும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவும் இப்படித்தான். தட்டில் வைத்த கால்சியம் பாஸ்பேட்டை அது கரைப்பதை நானே பார்த்திருக்கிறேன். காட்டில் ஒரு வருடம் பலன் தெரியும், மறு வருடம் தெரியாது. போட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த இரண்டாம் பாதி வம்பு. வேர் சத்தைத் தயாரிப்பதில்லை, இருப்பதை வெளியே எடுக்கிறது. ஏக்கருக்கு 500 கிலோ துவரை எடுத்தால் மணியோடு சுமார் 2 கிலோ பாஸ்பரஸ் காட்டைவிட்டுப் போகிறது. 270 கிலோவை இரண்டால் வகுத்து, 135 வருடம் கவலையில்லை என்று அந்தக் காணொளிக்காரர் சொல்லக்கூடும். அப்படி நேர்க்கோட்டில் இறங்காது. சுலபமாகக் கழலுவது முதலில் போகும். அப்புறம் ஒவ்வொரு கிலோவுக்கும் செடி அதிகச் சர்க்கரை செலவு செய்யும். விளைச்சல் யாருக்கும் தெரியாமல் மெல்ல இறங்கும். மூன்று வருடத்தில் இது தெரியாது. உங்கள் மூன்று வருட அனுபவம் பொய்யில்லை, ஆனால் காலம் போதாது.

“எங்க அப்பாரு காலத்துல மூட்டை உரமா போட்டாங்க?” என்று கேட்பீர்கள், தெரியும். என் அப்பாருவும் போடவில்லை. ஆனால் அவர் காட்டில் வருடா வருடம் பட்டி போட்டார்கள். செம்மறி பகலெல்லாம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் மேய்ந்துவிட்டு, இரவு விளைநிலத்துப் பட்டியில் படுத்துப் புழுக்கை போடும். படலை நாளுக்கு நாள் நகர்த்திக் காடு முழுக்கச் சுற்றி வருவார்கள். யோசித்துப் பாருங்கள். கொறங்காட்டின் ஏழை மண்ணிலிருந்து புல்வேரும் வேலமர வேரும் கழற்றி எடுத்த சத்தை, ஆடு வயிற்றில் சுமந்து வந்து சோளக்காட்டில் இறக்கியது. ஏரி வண்டலும் வண்டி வண்டியாக வந்தது. வெளியிலிருந்து சத்து வரத்தான் செய்தது, சாக்கில் வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குப் பட்டியும் இல்லை, வண்டலும் இல்லை, விளைந்தது மட்டும் லாரியில் போகிறது என்றால் கணக்கு எங்கே நேராகும்?

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். மேட்டாங்காட்டுத் துவரைக்கு டி.ஏ.பி. போடமாட்டேன். எடுத்த 2 கிலோவைத் திருப்பி வைக்க, ஏக்கருக்கு வருடம் 2 டன் நல்ல குப்பை போதும். ஒரு டிராக்டர் டிப்பர் அளவு. கிடை கிடைத்தால் இன்னும் நல்லது. உதிர்ந்த இலையைக் கூட்டி எடுக்கமாட்டேன், துவரை மிளாரை மட்டும் அடுப்புக்கு எடுத்துக்கொள்வேன். நிலக்கடலை போடும் வருடம் ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை அக்கடியாக விடுவேன்.

தோட்டத்துக்கு வேறு மாதிரி. ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அங்கே மக்காச்சோளத்துக்கு மணிச்சத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் தூவாமல், மக்கிய குப்பையோடு கலந்து விதைச் சாலுக்குப் பக்கத்தில் வையுங்கள், சுண்ணாம்பைத் தொடுவது குறையும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தனியாகப் போடுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். வெளிறல் இரும்பால் என்று தெரிந்தால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டாதீர்கள், இந்த மண்ணில் அது சில நாளில் துருவாகிவிடும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ அன்னபேதியும் 100 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். வேர் செய்யும் அதே கிடுக்கி வேலையை இங்கே டேங்கில் நாம் செய்கிறோம். கடையில் இரும்பு கிலேட் (கிடுக்கிப் பொருள் பிடித்துவைத்த இரும்பு) கேட்டால் என்ன வகை என்று பாருங்கள். ஈ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் இரும்பைத் தாங்காது, ஈ.டி.டி.எச்.ஏ. தாங்கும், விலையும் அதற்கு ஏற்றாற்போல் எகிறும். பனி இறங்கும் நேரத்தில் அந்தத் தோட்டத்தில் ஒரு முறை கொண்டைக்கடலை போட்டுப் பார்க்கலாம், அந்த மண்ணுக்குப் பிறந்த வேர் அது.

அப்புறம் என் பேச்சையும் காணொளிக்காரர் பேச்சையும் ஒருசேர நம்ப வேண்டாம். வருகிற ஆடிப்பட்டத்தில் மேட்டாங்காட்டில் பத்து சால் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் குப்பையோ உரமோ எதுவும் இல்லாமல் விடுங்கள், நாலு மூலைக்கும் கல் நட்டுவிடுங்கள். அதே பட்டையை வருடா வருடம் அப்படியே விட்டு, மணியைத் தனியாகத் தூற்றி எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். மக்காச்சோளத்தின் இளம் இலை ஒன்றைப் படம் எடுத்து அனுப்புங்கள், இரும்பா துத்தநாகமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.